உள்பை

லாபிஸ் கடைத்தெருவில்
கள்ளுக்கடைக்கும் ஆ கியோங் சைக்கிள் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
மிஷின் உண்டு, ஊசி உண்டு,
நூல்தான் இல்லை.

ஜப்பான்காரன் கடிகாரத்தை
ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த பிறகு
சீமை நூல்கண்டு கப்பலேறவில்லை.
பழைய கொசுவலையை நனைத்து, பிரித்து,
இழை இழையாய் முறுக்கி
மெழுகுவர்த்தித் துண்டில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தார்கள்.
லாரியிலிருந்து குதித்து,
அன்றைக்குத்தான் கிடைத்த காக்கிச் சட்டையைக் கழற்றி
மேசையில் போட்டு,
"அண்ணே, உள்ளே ஒரு பை வைக்கணும்."
நாலு பை இருக்கேடா என்றேன்.
"அது பட்டாளத்துப் பை."

எதற்கென்று கேட்பதில்லை.
அளவு கேட்பேன், அதுவே சொல்லிவிடும்.

தாண்டவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
வளையமாய்ச் சேர்த்துக் காட்டினான்.
மெட்டி.
ஒன்றுக்குத்தான் அளவு;
மற்றது அவள் காலிலேயே இருக்கட்டுமாம்.
அப்பல்சாமிக்கு ஒரு சாண் நீளம், முனையில் வளைவு.
பால் வெட்டும் உளி.
பர்மாவில் எந்த ரப்பர் மரம் இவனுக்காகக் காத்திருக்கிறது?
வாயை அடக்கிக்கொண்டு
விலாவைக் கிழிக்காமலிருக்க இரட்டைத் துணி வைத்தேன்.
கிராணி மகன் சவரிராயன்
நெடுநேரம் விட்டத்தைப் பார்த்து யோசித்தான்.
ஜெபமாலை என்று நான் நினைத்தேன்.
கொயினா மாத்திரை, ஆறு.
அந்தக் கூட்டத்தில் புத்தியுள்ளவன்.

வெள்ளச்சி கடைசியாக வந்தாள்,
பெண்கள் படைக்கு.
அளவு சொல்லவில்லை.
உள்ளங்கை அகலத்துக்குத் தைத்துக் கொடுத்தேன்;
முதுகைத் திருப்பி எதையோ உள்ளே வைத்து
வாயை மூடித் தைச்சிடுங்க என்றாள்.
ஊசி இறங்கியபோது மெத்தென்றிருந்தது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கூலி, மரவள்ளிக்கிழங்கு நாலு
ஒரு வாழைமர நோட்டு.

ரயில் போன பிறகு பயம் பிடித்தது.
கொசுவலை நூல்.
ஊறினால் இற்றுப்போகும்.
அங்கே ஆறு மாதம் மழை என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்,
யாரும் கேட்காமலேயே.

குண்டு விழுவதுபோல் கனவு வந்ததில்லை எனக்கு.
வந்ததெல்லாம் சேறு.
சேற்றில் ஒரு மெட்டி.
வரிசையாய்ப் போகிறவர்கள் மிதிக்கிறார்கள்,
அதில் தாண்டவனும் ஒருவன்,
குனியாமல் போகிறான்.
எழுந்து உட்கார்ந்து
இருட்டில் என் சட்டைத் தையலை இழுத்துப் பார்ப்பேன்.

நாற்பத்தாறில் ஒரு மத்தியானம்
பாதி ஆளாய் வந்து நின்றான்.
அதே சட்டை, பொத்தான் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி.
நேதாஜியைப் பார்த்தாயா,
வெள்ளைக்காரனைச் சுட்டாயா
என்று கள்ளுக்கடை முழுக்க அவனைச் சுற்றி நின்றது.
கூட்டம் கலையும்வரை இருந்து
நான் கேட்டேன்:
"பை தாங்குச்சா?"

சட்டையைப் புரட்டிக் காட்டினான்.
ஒரு தையல் விடவில்லை.
"பை தாங்குச்சு அண்ணே.
வயிறுதான் தாங்கல."

பேர் தெரியாத ஊர், ஒரு கிழவி,
ரெண்டு நாழி அரிசி.
ஆறு பேர் தின்றார்களாம்.
அப்பல்சாமி அந்த ஆறில் ஒருவன்,
அடுத்த ஆற்றைத் தாண்டியவர்களில் இல்லை.
சவரிராயன் தன் மாத்திரையை
யார் யாருக்கோ கொடுத்துவிட்டான்.
வெள்ளச்சியை அவன் பார்க்கவேயில்லை.

"இதைப் பிரிச்சிடுங்க,
இன்னும் வீட்டுக்குப் போகல.
போனதும் அவ சட்டையைத் துவைப்பா."

கத்தரியை எடுக்கவில்லை.
முனையைப் பிடித்து இழுத்தேன்,
நூல் அறாமல் முழுசாக வந்தது.
என் கை, என்னைக் கேட்காமல்,
அதைக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தது.

பை இருந்த இடம் மட்டும்
வெளுக்காமல் சதுரமாய்த் தெரிந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.
"தெரியுதா அண்ணே?"
உள்பக்கம்தானே என்றேன்.